ஏழாம் நம்பர் கை

உட்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். கட்டிலிலேயே உட்காருங்க. டிரைவரையும் நிழலில் நிற்கச் சொல்லுங்க, நம்ம வேப்பமரம்தான், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

நான் வரவில்லை தம்பி.

உடம்புக்கு ஒன்றுமில்லை. காலையில் நாலு இட்லி சாப்பிட்டேன். நல்லாத்தான் இருக்கிறேன். வரவில்லை, அவ்வளவுதான். உங்க காலேஜ் ஷெரின் பிள்ளையிடம் சொல்லுங்க, தாத்தாவுக்குத் தோதுப்படவில்லை, பொன்னாடையை வேறு யாருக்காவது போர்த்தட்டும் என்று.

ஆனால் நீங்க இப்பவே கிளம்பணும். பக்கத்து வீட்டில், அந்த நீலக் கதவு, அங்கே செல்லக்கனி புறப்பட்டுக்கொண்டிருக்கிறாள். என் வீட்டுக்காரியின் தங்கை. எனக்குக் கொழுந்தியாள். புருஷன் போய் ஒரு வருஷமாக எந்த விசேஷத்துக்கும் போகாதவள், ‘அத்தானுக்குக் காலேஜில மரியாதை செய்யுதாங்க, அக்காவும் ஊர்ல இல்ல, நானாவது வாரேன்’ என்று இன்றைக்குத்தான் வாசலைத் தாண்டப் போகிறாள். வந்து காரில் ஏறிவிட்டால் இறக்க முடியாது. அதற்குள் நீங்க போய்விட்டால், வண்டி ரிப்பேர் என்று நான் சமாளித்துக்கொள்வேன்.

ஏன் என்று கேட்கிறீங்க. கேட்பீங்க, படிக்கிற பிள்ளை. அவள் குளிக்கிற சத்தம் இப்பத்தான் நின்றிருக்கிறது. இன்னும் கால் மணி நேரமாவது ஆகும். கேட்டுவிட்டே போங்க.

அந்தப் படத்தை அவள் பார்க்கக்கூடாது தம்பி. சுவர் உயரத்துக்கு ஒரு படம் காட்டுவார்களாமே. ஏழாம் நம்பர், இருபத்தொன்பதாம் நாள். ஷெரின் போனில் சொல்லிவிட்டாள்: ‘தாத்தா, உங்களுக்காக அந்தப் படத்தை மட்டும் நான் தமிழ்லயே விளக்கிச் சொல்லப் போறேன்.’ அதுதான் விஷயம்.

எனக்குத் தெரிந்தபடி சொல்கிறேன், தப்பென்றால் திருத்துங்க. மாடியில் வைக்கிற சோலார் தட்டு கண்ணாடி. விழுந்தால் உடையும். ஷெரின் செய்தது அப்படி இல்லை. மை மாதிரி ஒரு பூச்சு. பால் ஆறினால் ஆடை கட்டுமில்லையா, அந்த மெல்லிசுக்கு ரப்பர் தாளில் பூசியிருக்கிறது. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், வெயில் பட்டால் கரண்டு கொடுக்கும். நாங்கள் பிளாஸ்திரி என்போம்.

முதல் முதலில் அவள் எங்கள் உப்பளத்துக்கு வந்தபோது கங்காணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ‘உப்பு அள்ளுறவன் கையில ஒட்டி என்னம்மா பாக்கப் போற?’ என்று கேட்டான். ‘லேபில மிஷின் வெச்சு ஆயிரம் தடவை இழுத்துப் பாத்தாச்சு அண்ணே. ஆனா மிஷினுக்கு வேர்க்காதே’ என்றாள். எனக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. சரிதானே? வேர்வை, உப்புத் தண்ணீர், வெயில், இந்த மூன்றும் சேர்ந்து கிடைக்கிற இடம் எங்கள் கைதான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை உப்பு வாருகிற பலகையைத் தள்ளி இழுக்கிறோம் என்று நாங்கள் எண்ணியதில்லை. அவள் எண்ணினாள். நாலாயிரத்துச் சொச்சம்.

ஏழு பேர் ஒத்துக்கொண்டோம். நான் ஏழாம் நம்பர். நாற்பது நாள். காலையில் முழங்கையில் ஒட்டணும், சாயங்காலம் உரிக்கணும். இடுப்பில் தீப்பெட்டி கணக்காய் ஒரு பெட்டி. கையை மடக்க நீட்ட கரண்டு ஏறி இறங்கும், எல்லாவற்றையும் மணி நிமிஷத்தோடு அது குறித்துக்கொள்ளும். நாற்பது நாள் கழித்துத்தான் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். நடுவில் ஒரு நாள் விட்டாலும் அந்த ஆளின் கணக்கே செல்லாது. அதை அவள் ரொம்பவும் கறாராகச் சொல்லியிருந்தாள்.

முதலில் கொடுத்த பிளாஸ்திரி மூன்றாம் நாளே வெடித்துவிட்டது. ஏழு பேருக்கும்தான். வரப்பில் உட்கார்ந்து அந்தப் பிள்ளை அழுதது. நான்தான் கேட்டேன், ‘ஏம்மா, இதை ஏன் கையை நீட்டி வெச்சு ஒட்டுத? விரல் மொளியில காயம்னா விரலை மடக்கி வெச்சுத்தானே துணி சுத்துவோம்? இல்லேன்னா மடக்குற நேரம் பிய்ஞ்சிருமே.’ அவள் அழுகையை நிறுத்தி என்னையே பார்த்தாள். அப்புறம் மடக்கிய கையில் ஒட்டினோம். நீட்டும்போது சுருக்கம் விழும், மடக்கும்போது சுருக்கம் விரியும், இழுபடாது. அதன்பிறகு வெடிக்கவில்லை. அவள் ஆராய்ச்சிப் புத்தகத்தில் அதைப் போட்டு, என் பேரையும் போட்டிருக்கிறாளாம். ராமபாண்டி, உப்பளத் தொழிலாளி. நான் கேட்கவில்லை, அவளாகப் போட்டது.

அப்போதிருந்து மறுபடி ஒன்றாம் நாள். பதினைந்து நாளுக்குள் அஞ்சு பேர் விட்டுவிட்டார்கள். அரிக்கிறது என்றான் ஒருத்தன். பெண்டாட்டி திட்டுகிறாள் என்றான் இன்னொருத்தன். ‘தாத்தா, நீங்க மட்டும் விட்ராதீங்க’ என்றாள். நான் விடவில்லை. ஒரு நாள் விடவில்லை.

இருபத்தொன்பதாம் நாள் என் மகள் பிள்ளைக்குத் திருச்செந்தூரில் காதுகுத்து. தாத்தா இல்லாமல் நடக்குமா? போகணும். எங்கள் அளத்தில் ஒரு வழக்கம் உண்டு தம்பி. சித்திரை மாதம் உப்பு பூத்துவிட்டால் அன்றைக்கே வாரணும், விட்டால் இறுகிப்போகும், பலகைக்கு அசையாது. அதனால் ஒருத்தனுக்கு வர முடியவில்லை என்றால் தன் பாத்திக்குத் தானே ஒரு மாற்றாள் போட்டுவிட்டுத்தான் போகணும். அவன் இவனுக்குச் செய்வான், இவன் அவனுக்குச் செய்வான். மாற்றாள் வந்தால் அந்த ஆளே வந்த மாதிரி. கங்காணி பேர் வாசிக்கும்போதும் ராமபாண்டி என்றால் மாற்றாள்தான் ‘இருக்கேன்’ என்பான். இது காலங்காலமாய் நடக்கிறது.

எனக்கு எப்பவும் தவசிமுத்துதான் மாற்றாள். செல்லக்கனியின் வீட்டுக்காரர். என் சகலை. என்னைவிடப் பத்து வயது இளையவன், அண்ணாச்சி அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவான். பாத்தியை ஒப்படைத்தேன். பிளாஸ்திரியையும் ஒப்படைத்தேன். மாற்றாள் என்றால் எல்லாவற்றுக்கும்தானே? ஷெரினிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றில்லை, சொல்லணும் என்று தோன்றவே இல்லை. முழங்கை முழங்கைதானே. அவனும் நாலாயிரம் தடவை மடக்கத்தான் போகிறான்.

நல்லா சிரித்துக்கொண்டுதான் ஒட்டிக்கொண்டான். ‘அண்ணாச்சி, இதை ஒட்டினா எனக்கும் டாக்டர் பட்டம் உண்டா?’ என்றான். ‘அரை டாக்டர்ல’ என்றேன்.

அதற்கு முன்னால் ஒன்று சொன்னான். இன்றைக்கு வேற ஆள் பாருங்க என்றான். ராத்திரியிலிருந்து தலை கிறுகிறுவென்று இருக்கிறது, தன் பாத்தியையே வாரிவிட்டு வீட்டுக்கு ஏறிவிடலாம் என்று பார்க்கிறேன் என்றான். அவன் எப்பவும் ஏதாவது சொல்லுவான் தம்பி. பல்வலி என்பான், இடுப்பு என்பான். ‘ஏல, காரு வந்து நிக்கி, இப்பப் போய் யாரைத் தேட? ஒரு அஞ்சு மணி நேரம்தானல’ என்றேன். சரி அண்ணாச்சி என்றான். சிரித்தது அதற்கு அப்புறம்தான்.

அவன் வேலை செய்யும்போது முழுக்கைச் சட்டை போட்டு, மேலே ஈரத்துண்டும் சுற்றிக்கொள்வான். பிளாஸ்திரியில் வெயில் படணுமே. வலது கைச் சட்டையைத் தோள் வரைக்கும் மடக்கிவிடச் சொன்னேன். துண்டையும் அந்தப் பக்கம் போடாதே என்றேன். நானே மடக்கிவிட்டேன்.

காதுகுத்து நல்லபடியாக நடந்தது. பிள்ளை அழுதான், பிறகு பாயசத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

பதினோரு மணிக்கு எல்லோரும் அளத்தைவிட்டு ஏறிவிடுவோம். அதற்கு மேல் நிற்க முடியாது, கீழே இருந்தும் வெயில் அடிக்கும். அன்றைக்கும் ஏறிவிட்டார்கள். தவசிமுத்துவுக்கு இரண்டு பேர் பாத்தி. ‘அண்ணாச்சி பாத்தியில இன்னும் ரெண்டு வரிசை கெடக்கு, முடிச்சுட்டு வாரேன், நீங்க போங்க’ என்றானாம். போய்விட்டார்கள். இரண்டு இருபதுக்கு மோட்டார் போட வந்த ஆள்தான் பார்த்திருக்கிறான். உப்புக் குவியலுக்கு அந்தப் பக்கம். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத பக்கம்.

நான் போய்ச் சேரும்போது ஆஸ்பத்திரியில் அந்த அறுக்கிற அறைக்கு வெளியே கிடத்தியிருந்தார்கள். செல்லக்கனி தரையில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. போகிற வருகிற எல்லோரிடமும், கூட்டுகிற அம்மாவிடம்கூட. ‘தண்ணி கேட்டாவளா? ரொம்ப நேரம் கெடந்தாவளா?’ யாருக்குத் தெரியும்? கடைசியில் ஒரு டாக்டர் நின்று, குனிந்து சொன்னார்: ‘இல்லம்மா. வெயில் அடிச்சதும் நினைவு போயிருக்கும். ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. உடனே போயிருப்பாரு.’ நல்ல மனுஷன். அதைக் கேட்ட பிறகுதான் அவள் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் அதைத்தான் சொன்னாள். ‘கஷ்டப்படல. உடனே போயிட்டாவ. டாக்டர் சொன்னாவ.’ இன்றைக்கும் அதை வைத்துத்தான் தம்பி அவள் சாப்பிடுவதும் தூங்குவதும்.

பிளாஸ்திரியா? அது அவன் கையிலேயேதான் இருந்தது. உள்ளே கொண்டுபோகிறதுக்கு முன்னால் நானே உரித்தேன். பெட்டியையும் அவிழ்த்தேன். விட்டால் தொலைந்துபோகுமே. அங்கேயே பைப்பில் கழுவித் துடைத்து, கையை மடக்கி ஒட்டிக்கொண்டேன். இன்னும் பதினொரு நாள் பாக்கி இருந்ததே.

என்ன தம்பி பார்க்கிறீங்க? மறுநாள் அவனை எடுத்தோம். அப்போதும் பிளாஸ்திரி என் கையில் ஒட்டித்தான் இருந்தது. ஒரு நாள் விடக்கூடாது என்று அந்தப் பிள்ளை சொல்லியிருந்ததே. மேலே துண்டு போட்டிருந்ததால் அன்றைக்கு மட்டும் கரண்டு கம்மியாகக் காட்டியிருக்கும். எனக்கு அழுகை வரவில்லை. வரும் வரும் என்று பார்த்தேன். இன்றைக்கும் வரவில்லை. என் வீட்டுக்காரி, ‘உங்களுக்கு நெஞ்சுல என்ன கல்லா?’ என்பாள். கல்லும் இல்லை, ஒன்றுமில்லை. சாப்பிடுகிறேன், அளத்துக்குப் போகிறேன், வாருகிறேன், வருகிறேன்.

ஷெரின் சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்க வந்துவிட்டுப் போனாள். அவளுக்குச் செத்தது என் சகலை என்று தெரியும். எந்தக் கையில் பிளாஸ்திரி இருந்தது என்று தெரியாது. நாற்பது நாள் முடிந்து கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இதே கட்டிலில்தான் உட்கார்ந்தாள். நல்லவேளை, அன்றைக்குச் செல்லக்கனி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள்.

ஒவ்வொரு நாளாகக் காட்டினாள். ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கி, ஏறி இறங்கி. ‘இது பூரா உங்க கை தாத்தா’ என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு இருபத்தொன்பதைத் திறந்து, ‘இதுதான், இதுதான்’ என்று குதித்தாள். ‘பதினொண்ணு நாப்பது வரைக்கும் வேலை செஞ்சிருக்கீங்க. அப்புறம் படுத்துட்டீங்க. சரியா?’

நான் கீழே இருந்த தேதியைப் பார்த்தேன்.

‘பன்னெண்டு இருபத்தஞ்சுல இருந்து ரெண்டு இருபது வரைக்கும் பாருங்க. கோடு போட்ட மாதிரி. ஒரு ஆட்டம் அசைவு இல்ல. உச்சி வெயில். வேர்வையில, உப்புல, இவ்வளவு நேரம் இவ்வளவு கரண்டு எந்த ஊர்லயும் யாரும் எடுத்ததில்ல தாத்தா. இதுதான் என் முதல் படம். வேலை நேரத்துல அப்படி என்ன தூக்கம்?’ என்று சிரித்தாள்.

‘அசதி’ என்றேன். நானும் சிரித்தேன். சிரித்தேன் தம்பி. அவள் சிரித்ததால் சிரித்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். படித்த பிள்ளைகள் விடுவதில்லை. ‘இது என்ன, நடுவுல?’ என்றாள். பதினொன்று நாற்பதுக்கும் பன்னிரண்டு இருபத்தைந்துக்கும் நடுவில், சின்னச் சின்னதாகப் பல். எண்ணினாள். பதினொன்று. ‘படுத்துக்கிட்டே கையைத் தூக்கித் தூக்கிப் போட்டிருக்கீங்க. முதல்ல ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை. அப்புறம் நாலு நிமிஷம். கடைசி ரெண்டுக்கும் நடுவுல ஒம்போது நிமிஷம். யாரையாவது கூப்பிட்டீங்களா?’

‘ஈ ஓட்டினேன்’ என்றேன்.

‘ஈ’ என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நான் வேறு என்ன சொல்வது? அஞ்சு வருஷம் உழைத்த பிள்ளை. அது நான் இல்லை என்றால் நாற்பது நாளும் குப்பைக்குப் போகும். நாற்பது நாளும் அவளுக்குச் சேரட்டும் என்றுதானே நான் அவன் கையில் ஒட்டியதே? என் மேல் என்ன தப்பு இருக்கிறது, சொல்லுங்க. காதுகுத்துக்குப் போனேன். வழக்கப்படி மாற்றாள் போட்டேன்.

இப்போது சுவர் உயரத்துக்கு அதைக் காட்டுவார்கள். கீழே தேதி இருக்கும். செல்லக்கனி எட்டாவது படித்தவள், தேதி படிப்பாள். அவன் பிளாஸ்திரி ஒட்டிப் போனது அவளுக்குத் தெரியும், வாசலில் நின்று அவள்தான் கேலி செய்தாள். ஷெரின் தமிழில் விளக்கும். பதினொரு தடவை கையைத் தூக்கினார் என்று சொல்லும். கூட்டம் கை தட்டும்.

ஒரு வழி யோசித்தேன் தம்பி. அதைக் கேட்கத்தான் இவ்வளவும் சொன்னேன். நீங்களும் அந்த லேபில்தானே இருக்கிறீங்க? அந்தப் பதினொன்றை மட்டும் அழித்துவிட முடியுமா? மற்றதெல்லாம் இருக்கட்டும். நேர்க்கோடு அப்படியே இருக்கட்டும், அதுதானே உங்களுக்கு வேண்டியது. அந்தப் பல்லை மட்டும் ரப்பர் வைத்துத் தேய்க்கிற மாதிரி. செய்தால் நான் வருகிறேன், அவளும் வரட்டும், முன்வரிசையில் உட்காரட்டும்.

இல்லை, மெதுவாகச் சொல்லுங்க, எனக்கு விளங்கவில்லை.

ஓ.

அழித்தால் பொய்யாகிவிடுமா. மிஷின் பார்த்ததை ஆள் மாற்றக்கூடாதா.

சரிதான். பொய் சொல்லக்கூடாது.

காற்றாக இருக்குமா தம்பி? ரப்பர்தானே. கடற்காற்று அடித்தால் அது தானாக அசையுமா? ஒட்டிய இடம் கொஞ்சம் கிளம்பி, காற்றில் படபடத்து, அப்படியும் பல் விழுமில்லையா? வாயால் சொல்ல வேண்டாம், தலையை ஆட்டினால் போதும்.

அசையாதா.

சரி. பன்னிரண்டு இருபத்தைந்துக்கு அப்புறமும் காற்று அடித்துக்கொண்டுதானே இருந்தது. எனக்கே தெரியும். கேட்டுப் பார்த்தேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு ஒன்று கூடவே இருந்திருக்கிறது. நான் இல்லை. அந்த ரப்பர்த் தோல் இருந்திருக்கிறது. அவன் ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் அது எண்ணியிருக்கிறது. அந்த நேரம் நான் இலையில் உட்கார்ந்திருந்தேன். பதினொன்று ஐம்பது இருக்கும், எனக்கு இரண்டாவது தடவை பாயசம் ஊற்றினார்கள். அதைக்கூட நான் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறேன். அவன் நாலாவது தடவையோ அஞ்சாவது தடவையோ தூக்கியிருப்பான்.

தலை சுற்றுகிறது என்று அவன் என்னிடம் சொன்னான் தம்பி. வேறு யாரிடமும் சொல்லவில்லை. செல்லக்கனிக்கே தெரியாது.

அதோ, கதவு சத்தம்.

எழுந்திருக்காதீங்க. கார் ரிப்பேர் என்று நான் சொன்னேனே, அதைச் சொல்ல வேண்டாம். பேசாமல் உட்காருங்க. நிமிஷக் கணக்கு எனக்குச் சரியாக வராது, தப்பாகச் சொன்னால் நீங்க திருத்தணும்.

வா செல்லக்கனி. இந்தத் தம்பிதான் காலேஜில இருந்து வந்திருக்காவ. இரு, கார் எங்கயும் போகாது. வந்து இங்க உட்காரு, உன்ட்ட ஒண்ணு சொல்லணும்.

என்னது? சேலை கசங்கிருமா?

கசங்கட்டும். உட்காரு.